பாட்டில் குரல் மட்டும் கேட்கவில்லை: ஹெட்போன் பின்னை வீட்டிலேயே மாற்றலாமா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு என் அம்மா படிப்பதைக் குறைத்துக்கொண்டு, மாலை நேரங்களில் கைப்பேசியில் சொற்பொழிவுகளும் பழைய பாடல்களும் கேட்டு வருகிறார். அதற்கென்று மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, காதை முழுவதும் மூடும் கம்பி ஹெட்போன் ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் அது செருகியிருந்த நிலையிலேயே கைப்பேசி கட்டிலிலிருந்து தரையில் விழுந்தது. பின் இலேசாக வளைந்து, அதன் கழுத்தில் இருந்த ரப்பர் உறையும் வெடித்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த கோளாறுதான் எனக்கு விளங்கவில்லை. இரண்டு காதிலும் ஒலி வருகிறது. ஆனால் பாடுபவரின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தேய்ந்துபோய், வயலின் கூட்டமும் எதிரொலியும் மட்டும் தெளிவாகக் கேட்கின்றன. சொற்பொழிவை வைத்தால் ஏறக்குறைய ஒன்றுமே கேட்பதில்லை. தம் செவிதான் மங்கிவிட்டதோ என்று பயந்து அம்மா இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமலே இருந்திருக்கிறார். பழுது பார்க்கும் கடையில் காட்டியபோது, ஸ்பீக்கர் போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

என்னிடம் கல்லூரிக் காலத்து 25 வாட் சால்டரிங் கோலும் ஒரு சாதாரண மல்டிமீட்டரும் இருக்கின்றன. சர்க்கியூட் பலகையில் பற்றவைத்துப் பழக்கம் உண்டு; ஹெட்போன் கம்பியைத் தொட்டதில்லை. கோளாறு பின்னில்தானா என்பதை வெட்டுவதற்கு முன்பே உறுதி செய்துகொள்ள வழி இருக்கிறதா?


கேள்செவி எழுதியது:

இரண்டு ஸ்பீக்கர்களும் நலமாகவே இருக்கின்றன என்பதை நீங்கள் எழுதிய விவரமே சொல்லிவிடுகிறது. ஸ்பீக்கர் கெட்டிருந்தால் ஒரு பக்கம் அடைத்துப்போயிருக்கும், அல்லது கரகரத்திருக்கும். குரலை மட்டும் தேர்ந்தெடுத்து விழுங்கும் ஸ்பீக்கர் கிடையாது. அறுந்திருப்பது பொதுக்கம்பி, அதாவது கிரவுண்டு.

உங்கள் பின்னில் மூன்று உலோகப் பகுதிகள் இருக்கும். நுனி இடது காதுக்கு, நடு வளையம் வலது காதுக்கு, நீளமான அடித்தண்டு இரண்டுக்கும் பொது. இடது ஸ்பீக்கருக்குப் போன மின்னோட்டமும் வலது ஸ்பீக்கருக்குப் போன மின்னோட்டமும் அந்தப் பொதுக்கம்பி வழியாகத்தான் திரும்பி வர வேண்டும். அது அறுந்துவிட்டால் இரண்டு ஸ்பீக்கர்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாலைபோல ஆகி, நுனிக்கும் வளையத்துக்கும் இடையே மாட்டிக்கொள்கின்றன. அப்போது அவற்றில் ஓடுவது இடது ஒலிக்கும் வலது ஒலிக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடகரின் குரலை இரு பக்கமும் சம அளவில் வைத்து நடுவில் நிறுத்துவார்கள்; சமமானவற்றின் வேறுபாடு சுழியம் என்பதால் குரல் மறைந்துவிடுகிறது. ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்த வயலின்களும், இரு பக்கமும் வெவ்வேறாகப் பரவும் எதிரொலியும் தப்பிவிடுகின்றன. சொற்பொழிவு ஒற்றைத்தடப் பதிவாக இருக்கும். அதில் வேறுபாடே இல்லாததால் மௌனம்தான் மிஞ்சும். 1960களின் திரைப்பாடல் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அவை ஒற்றைத்தடத்தில் பதிவானவை என்பதால் அவையும் கேட்காது.

வெட்டுவதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை செய்யலாம். கைப்பேசியின் அணுகல்தன்மை அமைப்புகளில் மோனோ ஒலி, அதாவது ஒற்றைத்தட ஒலி, என்ற தெரிவு இருக்கும். அதை இயக்கிவிட்டு, இப்போது ஓரளவு கேட்கும் பாடலையே மறுபடி போடுங்கள். முழு மௌனம் வந்தால் பொதுக்கம்பிதான். ஆனால் பின் துளைக்குள் முழுவதும் இறங்காமல் நின்றாலும் இதே நோய்க்குறி தெரியும் என்பதால், கைப்பேசியின் துளையில் பஞ்சும் தூசியும் அடைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.


காவிரிக்கரை எழுதியது:

படித்தவுடன் செய்து பார்த்தேன். துளையில் தூசி இல்லை. வேறு ஒரு இயர்போன் அதில் சரியாகவே பாடுகிறது. மோனோவை இயக்கியதும் முழு மௌனம். அம்மாவிடம் கேட்டால், பழைய பாடல்கள் சுத்தமாக நின்றுவிட்டன என்கிறார்.

மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தும் அளந்தேன். நுனிக்கும் அடித்தண்டுக்கும் இடையே தொடர்பே இல்லை. வளையத்துக்கும் அடித்தண்டுக்கும் இடையேயும் இல்லை. நுனிக்கும் வளையத்துக்கும் இடையே 66 ஓம் காட்டுகிறது. கழுத்தருகே கம்பியை ஒரு பக்கமாக மடக்கிப் பிடித்தால் மட்டும் முதல் இரண்டு அளவுகளும் 33 ஓமுக்குத் தாவி, விட்டதும் மறைந்துவிடுகின்றன. அம்மாவிடம் செவியில் குறையில்லை என்பதை இந்த எண்களைக் காட்டியே சொன்னேன். அவருக்கு எண்கள் புரியவில்லை. ஆனால் முகம் தெளிந்துவிட்டது.


ஈயப்புகை எழுதியது:

நான் முப்பது ஆண்டுகள் வானொலிப் பெட்டியும் டேப்ரிக்கார்டரும் பழுது பார்த்தவன். சகோதரி அளந்து எழுதியிருப்பதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரும் 33, இரண்டும் சேர்ந்து 66. கம்பி அறுந்திருப்பது கழுத்தில். இந்த வகைப் பழுதில் பத்துக்கு எட்டு அந்த இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள்ளேதான் இருக்கும் என்பது என் கைப்பழக்கம் சொல்லும் கணக்கு. மடங்கி மடங்கி இற்றுப்போகும் இடம் அது.

வாங்க வேண்டியது 3.5 மில்லிமீட்டர் ஸ்டீரியோ ஆண் பின் ஒன்று. உலோக மூடி திருகும் வகையாக இருக்கட்டும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவுக்குப் போகலாம். மற்ற ஊர்களில் மைக் செட் உதிரிபாகம் விற்கும் கடையில் கிடைக்கும். வாங்கும்போது மூடியின் பின்துளையைக் கவனியுங்கள். நான்கைந்து மில்லிமீட்டர் கேபிளுக்கென்று செய்தவையே அதிகம். ஹெட்போன் கம்பியோ இரண்டு மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப, சூட்டில் சுருங்கும் குழாயை ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மூன்று அடுக்கு போர்த்தினால் போதும்.

பழைய பின்னிலிருந்து மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கம்பியை வெட்டுங்கள். வெட்டியதும் முதல் வேலையாக மூடியையும், அதனுள் வரும் பிளாஸ்டிக் குழாயையும், சுருங்கும் குழாய்களையும் கம்பியில் கோத்துவிடுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பற்றவைத்து முடித்து, அளந்து பார்த்து மகிழ்ந்து, மேசையில் மூடி தனியாகக் கிடப்பதைக் காணாத மெக்கானிக் எவரும் இருக்க முடியாது.

பிறகு மேலுறையை ஒன்றரைச் சென்டிமீட்டர் உரியுங்கள். பிளேடால் சுற்றிலும் ஒரு கோடு போட்டு, வளைத்து, இழுத்தால் வந்துவிடும். ஆழமாக அறுத்தால் உள்ளிருக்கும் இழைகளும் போய்விடும். உள்ளே பெரும்பாலும் சிவப்பு வலது பக்கத்துக்கும், பச்சை அல்லது நீலம் இடது பக்கத்துக்கும், செம்பு நிறம் பொதுவுக்கும் இருக்கும். செம்பு நிறத்தில் இரண்டு கட்டுகள் இருந்தால், அவை இரண்டு காதுகளிலிருந்தும் தனித்தனியாக வரும் பொதுக்கம்பிகள். அவற்றைச் சேர்த்து முறுக்கிக்கொள்ளலாம். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் கம்பிகளைத் தொட்டால், அதன் மெல்லிய மின்னோட்டமே ஸ்பீக்கரில் 'டிக்' என்று ஒலி எழுப்பும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு தொட்டால் எந்தக் கம்பி எந்தக் காது என்று அதுவே சொல்லிவிடும்.

இனி, முதல்முறை செய்பவர்கள் தோற்றுப்போகும் இடத்துக்கு வருகிறேன். அந்தச் சிவப்பும் பச்சையும் பிளாஸ்டிக் உறை அல்ல; தலைமுடி போன்ற ஒவ்வொரு செம்பிழையின் மேலும் பூசிய எனாமல். அது இருக்கும்வரை ஈயம் உருண்டு ஓடுமே தவிர ஒட்டாது; ஒட்டியதுபோல் தெரிந்தாலும் மின்சாரம் போகாது. செம்பு நிறக் கம்பியிலும் நிறமற்ற பூச்சு இருக்கக்கூடும். பாலியூரித்தேன் வகைப் பூச்சு ஏறத்தாழ 370 முதல் 400 டிகிரி செல்சியஸில் எரிந்து விலகும். ஆகவே கோலின் நுனியில் உருண்டையாக நிறைய ஈயம் எடுத்து, கம்பியின் முனையை ஈயம் ஒட்ட உதவும் ரெசின் பிசினில் தோய்த்து, அந்த உருண்டைக்குள் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு நுழைத்துச் சில விநாடிகள் பிடியுங்கள். சிறு புகை எழும்பி, நிறம் கருகி, பிறகு வெள்ளி போல் ஈயம் ஏறும். அந்தப் பளபளப்பு முழுச் சுற்றிலும் தெரியும்வரை திரும்பச் செய்யுங்கள். தீக்குச்சியில் காட்டிச் சுடும் வழியும் உண்டு; ஆனால் அதில் செம்பே கருகி உடையும். இழைகளுக்கு நடுவே நூல் ஒன்று ஓடினால், அது இழுவையைத் தாங்க வைத்த நூல். ஈயம் ஏற்றுவதற்கு முன் முனையில் மட்டும் அதை வெட்டிவிடுங்கள்.

ரெசின் என்று சொன்னதைக் கவனியுங்கள். தகர வேலைக்கும் குழாய் வேலைக்கும் விற்கும் அமிலப் பசையை இதில் வைத்தால், சில மாதங்களில் இழைகளைத் தின்றுவிடும்.


ஈயப்புகை எழுதியது:

முந்தைய பதிவு நீண்டுவிட்டது, தொடர்கிறேன்.

பின்னைக் கையில் பிடித்துப் பற்றவைக்க முடியாது. ஒரு மரத்துண்டில் 3.5 மில்லிமீட்டர் துளையிட்டு அதில் நிறுத்துங்கள். செத்துப்போன வானொலியின் துளையில் செருகிவைத்தால் இன்னும் நல்லது. சூட்டில் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் இளகி, நுனியும் வளையமும் கோணிக்கொள்ளாமல் அது நேராகப் பிடித்துக்கொள்ளும். அம்மாவின் கைப்பேசியில் செருகிவைத்து மட்டும் செய்துவிடாதீர்கள்.

பின்னில் கம்பியைப் பற்றவைப்பதற்கென்று நீட்டியிருக்கும் மூன்று உலோகக் காதுகளிலும் முதலில் ஈயம் ஏற்றிக்கொண்டு, கம்பியை வைத்து, கோலைத் தொட்டு எடுங்கள். ஒரு காதுக்கு மூன்று விநாடிக்கு மேல் வேண்டாம். பிடிக்கவில்லையென்றால் ஆறவிட்டு மறுபடி முயலுங்கள். அடித்தண்டின் காது பெரிய உலோகம் என்பதால் சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும். அரத்தால் இலேசாகத் தேய்த்து மேற்பூச்சை எடுத்துவிட்டால் ஈயம் விரைவில் பிடிக்கும். அதன் கடைசியில் இரண்டு சிறகுகள் இருக்கும். அவற்றை மேலுறையின் மீது மடக்கிப் பிடிக்க வைக்க வேண்டும். உள்கம்பியின் மீது மடக்கினால் அதுவே அறுத்துவிடும். கம்பியை இழுத்தால் அந்த இழுவை சிறகில் நின்றுவிட வேண்டும், ஈயத்துக்குப் போகக் கூடாது. வீட்டில் செய்த வேலை இரண்டு மாதத்தில் போய்விட்டது என்பவர்களின் பின்னைத் திறந்தால், பெரும்பாலும் இந்தச் சிறகு மடக்கப்படாமல் இருப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

மூடியைத் திருகுவதற்கு முன்பும் திருகிய பிறகும் அளந்து பாருங்கள். மூடி அடித்தண்டோடு மின்தொடர்பு உள்ளது. உள்ளே ஏதாவதொரு முள் நீட்டிக்கொண்டிருந்தால் மூடியில் பட்டு ஒரு பக்கம் ஊமையாகும். நுனிக்கும் தண்டுக்கும் 33, வளையத்துக்கும் தண்டுக்கும் 33, நுனிக்கும் வளையத்துக்கும் 66 என்று வர வேண்டும். எங்காவது சுழியத்தை ஒட்டி வந்தால் கைப்பேசியில் செருகாதீர்கள்.

ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். 60க்கு 40 ஈயக்கம்பியில் உண்மையாகவே காரீயம் இருக்கிறது. முடித்ததும் சோப்பால் கை கழுவாமல் எதையும் உண்ண வேண்டாம்.


மறுபயன் எழுதியது:

ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புதியவர்களுக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். இரு முனையிலும் இதே பின் உள்ள, பயன்படாமல் கிடக்கும் ஆக்ஸ் கேபிளை, அதன் பின்னோடு பதினைந்து சென்டிமீட்டர் வெட்டி எடுத்து, ஹெட்போன் கம்பியோடு ஒட்டுப்போட்டுவிடலாம். தொழிற்சாலையில் வார்த்த ரப்பர் கழுத்து அப்படியே கிடைக்கிறது. பின்னின் பிளாஸ்டிக் உருகும் என்ற அச்சமும் இல்லை. மூன்று ஒட்டுகளையும் ஒரே இடத்தில் போடாமல் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னுமாக அமைத்தால், தடிப்பும் தெரியாது. ஒன்றோடொன்று உரசும் வாய்ப்பும் இல்லை. சால்டரிங் கோலே இல்லாதவர்களுக்குத் திருகாணியில் கம்பியை இறுக்கும் பின்களும் கிடைக்கின்றன.


ஈயப்புகை எழுதியது:

நல்ல யோசனைதான், தம்பி. சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கும் இயர்போனுக்கு அதையே நானும் செய்வேன். அங்கே உலோக மூடி கனமாக இருந்து துளையை ஆட்டிவிடும். ஆனால் ஒட்டு என்பது கம்பியின் நடுவில் விறைப்பான ஒரு முடிச்சு. அது முடியும் இடத்தில் கம்பி மடங்கத் தொடங்கும். ஒரே இடத்தில் உட்கார்ந்து கேட்கும் ஹெட்போனுக்குத் திறந்து மூடக்கூடிய பின்னே மேல். அடுத்த முறை பழுதானால் வெட்டத் தேவையில்லை, மூடியைத் திருகினால் போதும். ஆக்ஸ் கேபிளின் நிறங்கள் ஹெட்போனின் நிறங்களோடு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுங்கள். பின்னின் எந்தப் பகுதிக்கு எந்தக் கம்பி என்று மீட்டரில் பார்த்த பிறகே இணைக்க வேண்டும்.

திருகாணிப் பின் தடித்த கம்பிக்குச் சரி. எனாமல் போகாத மெல்லிழையைத் திருகாணியில் இறுக்கினால், ஒன்று தொடர்பு வராது, அல்லது இழை நசுங்கி அறும். அங்கேயும் முனைக்கு ஈயம் ஏற்றித்தான் ஆக வேண்டும்.


நான்குவளை எழுதியது:

இந்த உரையாடலைப் பார்த்து எழுதுகிறேன். என் இயர்போனில் மைக் உண்டு. நான்கு பகுதிப் பின் வாங்கிப் பற்றவைத்தேன். அளவுகள் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றியது. ஆனால் கைப்பேசியில் செருகினால், முதல் பதிவில் சொன்னதுபோல் குரல் இல்லாத பாட்டுதான் வருகிறது. விந்தை என்னவென்றால், மைக்கில் உள்ள பொத்தானை அழுத்திப் பிடித்தால் குரல் முழுமையாக வந்துவிடுகிறது.


கேள்செவி எழுதியது:

பொத்தானே உங்களுக்கு விடையைச் சொல்லிவிட்டது. நான்கு பகுதிப் பின்னில் இரண்டு வழக்கங்கள் உண்டு. சிடிஐஏ என்ற முறையில் நுனி இடது, முதல் வளையம் வலது, இரண்டாம் வளையம் பொது, அடித்தண்டு மைக். ஓஎம்டிபி என்ற பழைய முறையில் கடைசி இரண்டும் இடம் மாறியிருக்கும். இந்தத் துளை உள்ள இன்றைய கைப்பேசிகளில் பெரும்பாலானவை சிடிஐஏ. மூன்று பகுதிப் பின்னின் பழக்கத்தில் நீங்கள் பொதுக்கம்பியை அடித்தண்டிலும் மைக்கை வளையத்திலும் வைத்துவிட்டீர்கள். கைப்பேசியின் கிரவுண்டு உங்கள் மைக் கம்பிக்குத்தான் போகிறது. அழைப்பை எடுக்கும் அந்தப் பொத்தான் மைக்கையும் பொதுவையும் நேராக இணைப்பதால், அழுத்தியிருக்கும் நேரத்தில் மட்டும் பாதை கிடைத்துக் குரல் வருகிறது. இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றுங்கள்.

கம்பிகளை அடையாளம் காணவும் இதே பொத்தான் உதவும். எந்த இரண்டு கம்பிகளுக்கு இடையே, பொத்தானை அழுத்தும்போது மீட்டர் சுழியத்துக்கு அருகில் வருகிறதோ, அவற்றில் ஒன்று மைக், மற்றது பொது. இரண்டு ஸ்பீக்கர்களோடும் முப்பது ஓம் அளவில் தொடர்பு காட்டுவது பொது. ஒலியைக் கூட்டும் பொத்தானையோ குறைக்கும் பொத்தானையோ அழுத்தினால் சுழியம் வராது. ஆண்ட்ராய்டு வகுத்த அளவின்படி கூட்டுவதற்குச் சுமார் 240 ஓம், குறைப்பதற்குச் சுமார் 470 ஓம் காட்டும்.


நான்குவளை எழுதியது:

மாற்றினேன். மைக்கும் வேலை செய்கிறது. மிக்க நன்றி.


விடுதிஅறை எழுதியது:

இடையில் வேறொரு கேள்வி கேட்பதற்கு மன்னிக்கவும். பின்னின் நுனி உடைந்து மடிக்கணினியின் துளைக்குள்ளேயே தங்கிவிட்டது. ஹெட்போன் மாட்டியிருப்பதாகவே கணினி நினைத்துக்கொள்கிறது. வெளி ஸ்பீக்கரில் ஒலி வருவதில்லை. பசை தடவிய குச்சியால் இழுத்துவிடலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.


ஈயப்புகை எழுதியது:

பசையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துளி கூடினால் துளையின் உள்முள்களில் ஒட்டிக்கொண்டு முழுத் துளையையும் மாற்றும் நிலை வரும். முதலில் கணினியை நிறுத்திவிடுங்கள். எழுதித் தீர்ந்த பேனா ரீஃபிலின் பிளாஸ்டிக் குழாயை எடுத்து, அதன் வாயை வெந்நீரில் இளக்கி, உடைந்த நுனியின் மீது அழுத்தி, ஆறும்வரை அசைக்காமல் பிடித்து, நேராக இழுத்துப் பாருங்கள். இரண்டு மூன்று முறையில் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஊசியால் குத்த வேண்டாம். நுனி இன்னும் உள்ளே போகும்.


காவிரிக்கரை எழுதியது:

நேற்று மாலை உட்கார்ந்து முடித்தேன். வெட்டி எடுத்த பழைய கழுத்தைப் பிளந்து பார்த்தபோது, சிவப்பும் பச்சையும் முழுதாக இருக்க, செம்பு நிறக் கட்டு மட்டும் ரப்பர் முடியும் இடத்தில் முற்றிலும் அறுந்து, இரண்டு இழைகள் மட்டும் உரசிக்கொண்டிருந்தன. கேள்செவி அவர்கள் கம்பியைப் பார்க்காமலே சொன்னது அப்படியே கண்முன் இருந்தது.

மூடியைக் கோக்க மறக்கவில்லை. ஆனால் உள்ளிருக்கும் பிளாஸ்டிக் குழாயை மறந்துவிட்டேன். மூடியைத் திருகியதும் வளையத்துக்கும் தண்டுக்கும் இடையே 0.4 ஓம் காட்டியது. இரண்டு முறை அளக்கச் சொல்லியிருந்ததால்தான் கண்டுபிடித்தேன். மூன்று கம்பிகளையும் கழற்றி, குழாயைக் கோத்து மறுபடி பற்றவைத்தேன். எனாமலை நீக்குவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பச்சைக் கம்பி மூன்றாம் முறையில்தான் வெள்ளியாக மாறியது. இப்போது 33, 33, 66.

அம்மாவிடம் கொடுத்து, முதலில் பாட்டைப் போட வேண்டாம், சொற்பொழிவைப் போடுங்கள் என்றேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒலியைச் சற்றுக் குறைக்கும்படி கையால் சைகை காட்டினார்.

ஐயாவிடம் ஒரு கேள்வி மட்டும் பாக்கி இருக்கிறது. மூடியின் பின்புறம் கம்பி வெளிவரும் இடத்தில் மடங்காமல் இருக்கப் பேனாவின் சுருள்வில்லை மாட்டலாமா?


ஈயப்புகை எழுதியது:

மாட்டலாம். வில்லின் கூரிய முனையை மூடிக்குள் இருக்கும்படி வைத்து, வெளி முனையைக் குறட்டால் சற்று அகட்டிவிட்டு, மேலே ஒரு சுருங்கும் குழாயைப் போர்த்திவிடுங்கள்; இல்லையென்றால் கம்பியின் உறையை அது அறுத்துவிடும். செருகும்போதும் எடுக்கும்போதும் கம்பியை அல்லாமல் மூடியைப் பிடிக்கும்படி அம்மாவிடம் சொல்லிவையுங்கள்.